இலையுதிர் காலத்தில் இங்கிலாந்துக் கிராமச் சாலைகளில் சைக்கிள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

செப்டம்பர் நடுவிலிருந்து நவம்பர் முடியும் வரை இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் சைக்கிள் ஓட்டுவது தனிச் சுகம். கோடை விடுமுறைக் கூட்டம் கலைந்திருக்கும். சில்டர்ன் குன்றுகளிலும் டீன் காட்டிலும் பீச் மரங்கள் செம்பு நிறத்துக்கு மாறியிருக்கும். வெயில் சுடாது. ஆனால் இந்தப் பருவத்தில் அவதிப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான் அவதிப்படுகிறார்கள்: ஜூலை மாதக் கணக்கை அக்டோபருக்கும் போடுகிறார்கள். அதே தூரம், அதே டயர், கிளம்பும் நேரமும் அதே. பகலும் சாலையும் மட்டும் மாறிவிட்டன.

இருட்டும் நேரத்தைப் பார்க்காமல் கிளம்புவது

செப்டம்பர் தொடக்கத்தில் லண்டன் பக்கம் சூரியன் மறைய இரவு ஏழே முக்கால் ஆகும். அக்டோபர் நடுவில் அது மாலை 6.10-க்கு வந்துவிடும். அக்டோபரின் கடைசி ஞாயிறு அதிகாலையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியதும், அன்று மாலை சுமார் 4.40-க்கே சூரியன் போய்விடும். நவம்பர் நடுவில் சுமார் 4.10. முந்தைய வாரம் நிதானமாகச் சுற்றி வந்த அதே பாதையில், இந்த வாரம் கடைசி ஒரு மணி நேரம் இருட்டில் ஓட்டவேண்டி வரும். டெவன், டார்செட் பக்கங்களில் இரு புறமும் மேடு எழுந்து மரங்கள் மேலே கவிந்த பள்ளச் சாலைகள் உண்டு. அங்கே சூரியன் மறைவதற்கு அரை மணி முன்னாலேயே வெளிச்சம் போய்விடும்.

தூரத்தை மைலில் முடிவு செய்யாமல் மணிக்கணக்கில் முடிவு செய்யுங்கள். நிதானமாக ஓட்டுகிறவர் தார்ச் சாலையில் மணிக்கு 16 கிலோமீட்டர் போவார். ஈரமான சரளைப் பாதையில் 11, 12 போனாலே பெரிது. ஏற்றம், பஞ்சர், சாப்பாடு எல்லாம் சேர்த்து, சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் திரும்பி வந்து சேரும்படி திட்டம் இருக்கட்டும். நவம்பரில் அப்படிப் பார்த்தால் 35, 40 கிலோமீட்டரே நிறைவான ஒரு நாள்.

பகலில் திரும்பிவிடுவோம் என்று நினைத்தாலும் லைட்டை விட்டுவிட்டுப் போகாதீர்கள். சூரியன் மறைந்தபின் முன்னால் வெள்ளை லைட், பின்னால் சிவப்பு லைட், பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர், பெடல்களில் ஆம்பர் நிற ரிஃப்ளெக்டர் ஆகியவை சட்டப்படி கட்டாயம். ஊருக்குள் ஓட்டும் சிறிய மினுக்கு லைட் பிறர் கண்ணில் நீங்கள் படுவதற்குத்தான் உதவும். தெருவிளக்கே இல்லாத கிராமச் சாலையில் குழி தெரியாது. பாதையைப் பார்க்க 400 லூமென்ஸாவது வேண்டும். முழு வெளிச்சத்தில் எத்தனை மணி நேரம் எரிகிறது என்று வீட்டிலேயே ஒரு முறை எரியவிட்டுப் பாருங்கள். குளிரில் பேட்டரி அதைவிடச் சீக்கிரம் இறங்கும்.

வெயிலைப் பார்த்தபடி ஓட்டுவது

அக்டோபர் கடைசியில் தெற்கு இங்கிலாந்தில் நண்பகலில்கூட சூரியன் அடிவானத்திலிருந்து 25 டிகிரி உயரத்துக்குத்தான் ஏறும். காலையிலும் பிற்பகலிலும் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். உங்கள் எதிரே சூரியன் இருந்தால், உங்கள் பின்னால் வரும் காரோட்டிக்கும் அது எதிரேதான். கண்ணாடியும் அழுக்காக இருந்தால் அவருக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். பல கிராமச் சாலைகளில் வேக வரம்பு மணிக்கு 60 மைல் என்பதை மறக்க வேண்டாம்.

இதற்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது. காலையில் மேற்கு நோக்கிக் கிளம்பி, பிற்பகலில் கிழக்கு நோக்கித் திரும்புங்கள். இரண்டு வேளையும் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். இங்கிலாந்தில் பெரும்பாலும் தென்மேற்குக் காற்றுதான் வீசும். அதனால் தெம்பு இருக்கும்போது எதிர்க்காற்று, களைத்துத் திரும்பும்போது பின்காற்று. ஒரே ஏற்பாட்டில் இரண்டு லாபம். பின்னால் வரும் காரோட்டிக்குச் சிக்கல் தீர்ந்தாலும் எதிரே வருகிறவருக்கு வெயில் கண்ணில் படும். ஆகவே சந்திப்புகளில் அவர் உங்களைப் பார்த்துவிட்டார் என்று எண்ணி நுழையாதீர்கள்.

இலையையும் சேற்றையும் ஒன்றாக நினைப்பது

உதிர்ந்து காய்ந்த இலை சறுக்காது. ஆனால் அடியில் இருக்கும் குழியையும் சாக்கடைக் கம்பி மூடியையும் மறைத்துவிடும். நனைந்த இலை சறுக்கும். எல்லாவற்றிலும் மோசமானது, கார்கள் ஏறி ஏறி நசுக்கிப் பழுப்புக் கூழாக மாறிய இலை. தூரத்திலிருந்து பார்த்தால் ஈரத் தார்போலவே தெரியும். மரங்கள் கவிந்த வளைவிலும் இறக்கத்தின் அடியிலும்தான் அது சேரும். சரியாக நீங்கள் பிரேக் பிடிக்கும் இடமும் அதுதான்.

ஆகவே வளைவுக்கு முன்பே, சைக்கிள் நேராக இருக்கும்போதே, இரண்டு பிரேக்கையும் மெதுவாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிடுங்கள். இலையின் மேல் போகும்போது பிரேக் வேண்டாம், திருப்ப வேண்டாம், எழுந்து நின்று மிதிக்கவும் வேண்டாம். ஒற்றைக் கார் அகலமுள்ள சாலையில் கார்ச் சக்கரம் ஓடும் தடத்திலேயே போங்கள். நடுவில் பாசியும் மண்ணும் மேடாக இருக்கும். ஓரத்தில் இலையும் முள்ளும் குவிந்திருக்கும். ஓரத்தை ஒட்டி ஓட்டுவதுதான் மரியாதை என்று பலர் நினைக்கிறார்கள். நெடுஞ்சாலை விதிநூலே 2022 முதல் சாலை ஓரத்திலிருந்து குறைந்தது அரை மீட்டர் தள்ளி ஓட்டச் சொல்கிறது. அமைதியான சாலையில் உங்கள் பக்க லேனின் நடுவிலேயே ஓட்டலாம் என்கிறது.

சேறு வேறு விஷயம். மக்காச்சோளம், உருளைக்கிழங்கு, கிழக்கு ஆங்லியாவில் சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு எல்லாம் அறுவடையாகும் காலம் இது. டிராக்டர் வயலிலிருந்து ஏறும் வாசலில் களிமண் கட்டிகட்டியாகச் சாலையில் விழுந்து கிடக்கும். பின்னால் இழுவை வண்டியோடு வரும் டிராக்டர் வளைவில் முழுச் சாலையையும் அடைக்கும். அதன் சத்தம் கேட்டதும் அருகிலுள்ள வாசலில் ஒதுங்கி நின்று வழி விடுங்கள்.

சாலையைக் குறுக்கே கடந்து ஓடை ஓடும் இடங்களும் உண்டு. ஃபோர்டு என்பார்கள். தண்ணீர் இரண்டு அங்குலம்தானே என்று ஓட்டிப் போகாதீர்கள். அடியில் கான்கிரீட்டின் மேல் வழவழவென்று பாசி படிந்திருக்கும். பக்கத்தில் அநேகமாக நடைபாலம் இருக்கும். இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். கால்நடை தாண்டாமலிருக்கச் சாலையில் பதித்த இரும்புக் குழாய் வரிசையை நேர்க்கோட்டில், திருப்பாமல், பிரேக் தொடாமல் கடக்க வேண்டும்.

முள் பஞ்சருக்கு ஒரே ஒரு டியூப்

பறவைகள் கூடு கட்டும் காலம் என்பதால் மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை விவசாயிகள் உயிர்வேலிகளை வெட்டக்கூடாது. செப்டம்பர் பிறந்ததும் டிராக்டரில் பொருத்திய இயந்திரக் கையால் வெட்டத் தொடங்குவார்கள். ஹாதார்ன், பிளாக்தார்ன் முட்கள் மைல் கணக்கில் சாலையில் சிதறிக் கிடக்கும். வெட்டி முடித்த வேலி மேலே தட்டையாக, வெள்ளை வெட்டுமுனைகளோடு இருக்கும். அதைக் கண்டால் வேறு சாலை இருக்கிறதா என்று வரைபடத்தைப் பாருங்கள்.

இங்கே செய்யும் தவறு, பஞ்சரானதும் அவசர அவசரமாகப் புது டியூப் மாட்டுவது. முள் ஒடிந்து டயருக்குள்ளேயே இருக்கும். வெளியிலிருந்து கறுப்புப் புள்ளியாகத்தான் தெரியும், உள்ளே அரை மில்லிமீட்டர் முனை நீட்டிக்கொண்டிருக்கும். புது டியூப் பத்து நிமிடம் தாங்காது. சரியான முறை இது: டியூபைக் கழற்றும்போது வால்வு டயரின் எந்த இடத்தில் இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். டியூபில் காற்றடித்து, கன்னத்தருகே வைத்துச் சுற்றினால் ஓட்டை எங்கே என்று தெரியும். அதே அளவு தூரத்தில் டயரில் தேடுங்கள். உள்பக்கம் முழுவதும் மெல்லிய துணியை மெதுவாக ஓட்டுங்கள். முள் இருந்தால் நூல் மாட்டும். விரலை ஓட்டினால் கீறும். முள்ளை உள்ளிருந்து வெளியே ஊசியால் தள்ளி, சிறு சாமணத்தால் பிடித்து இழுக்க வேண்டும். ஒன்று கிடைத்ததும் நிறுத்தாதீர்கள், இந்தப் பருவத்தில் இரண்டு மூன்று இருப்பது சாதாரணம்.

இரண்டு டியூப், ஒட்டுப் பெட்டி, இரண்டு டயர் லீவர், பம்ப், சாமணம், மெல்லிய ரப்பர் கையுறை இவ்வளவும் பையில் இருக்கட்டும். ஈர ரப்பரில் பசை பிடிக்காது. ஆகவே மழையில் டியூபை மாற்றுங்கள், ஒட்டுவதை வீட்டில் செய்துகொள்ளலாம். டயரை ரிம்முக்குள் ஏற்றும்போது கடைசிப் பகுதி இறுகினால், மற்ற இடங்களில் டயர் விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் அமுக்கித் தள்ளுங்கள். தளர்வு கிடைக்கும், கட்டைவிரலாலேயே ஏறிவிடும். லீவரால் நெம்பினால் புது டியூப் நசுங்கிக் கிழியும்.

சில்டர்ன், சவுத் டவுன்ஸ் போன்ற சுண்ணாம்புக் குன்றுப் பகுதிகளில் மழைக்குப்பின் கூரிய ஃபிளின்ட் கல் சாலைக்கு வந்துவிடும். அது டயரையே கிழிக்கும். கிழிசலுக்கு உள்ளே பழைய டயர்த் துண்டை வைக்கலாம். அதுவும் இல்லையென்றால் பிளாஸ்டிக்கால் ஆன ஐந்து பவுண்டு நோட்டை நான்காக மடித்து வைத்தால் வீடு வரை தாங்கும்.

டயரில் கல்போல் காற்று, தேய்ந்த பிரேக் கட்டை

டயர் ஓரத்தில் அச்சிட்டிருப்பது அதிகபட்ச அழுத்தம்; அவ்வளவு அடைக்கத் தேவையில்லை. 70 கிலோ எடையுள்ளவர் 32 மில்லிமீட்டர் டயரில் கோடையில் 60 பி.எஸ்.ஐ. வைத்திருந்தால், ஈரச் சாலைக்கு 50 போதும். டயர் கொஞ்சம் தட்டையாகப் படிந்து பிடிப்பு கூடும். அதற்கும் மிகக் குறைத்தால் குழியில் விழும்போது டியூப் ரிம்மில் நசுங்கி இரட்டை ஓட்டை விழும். வாங்கும்போது 28-ஐ விட 32 அல்லது 35 மில்லிமீட்டர் அகலம் இந்தச் சாலைகளுக்கு ஏற்றது. மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே இலை சிக்காதபடி ஒரு விரல் இடைவெளி விடுங்கள்.

ரிம் பிரேக் ஈரத்தில் உடனே பிடிக்காது. முதல் ஒன்றிரண்டு சுற்று ரிம்மில் உள்ள தண்ணீரைத் துடைக்கவே போய்விடும். நீண்ட இறக்கத்துக்கு முன் பிரேக்கை லேசாகத் தொட்டு ரிம்மைத் துடைத்துக்கொள்ளுங்கள். மண்ணும் அலுமினியத் துகளும் கட்டையில் பதிந்து ரிம்மை அரைக்கும். ஈரமாக ஓட்டிய ஒவ்வொரு முறையும் ஊசியால் அவற்றைக் குத்தி எடுங்கள். கட்டையில் உள்ள பள்ளக்கோடு மறைந்துவிட்டால் மாற்ற வேண்டும்.

எல்லாப் பாதையும் சைக்கிள் பாதை என்று நினைப்பது

வழிகாட்டிக் கம்பத்தில் மஞ்சள் அம்பு இருந்தால் அது நடப்பவர்களுக்கான ஃபுட்பாத். அதில் சைக்கிள் ஓட்ட உரிமை இல்லை. நீல அம்பு பிரைடில்வே, அதாவது குதிரைப் பாதை. 1968 சட்டத்தின்படி அங்கே ஓட்டலாம், ஆனால் நடப்பவர்களுக்கும் குதிரையில் வருபவர்களுக்கும் வழி விட வேண்டும். உரிமை இருப்பதாலேயே ஓட்ட முடியும் என்று ஆகாது. தெற்கு இங்கிலாந்தின் பழைய நெடும்பாதையான ரிட்ஜ்வேயின் களிமண் பகுதிகளில் அக்டோபர் மழைக்குப்பின் மண் சக்கரத்தில் அப்பி, சக்கரம் சுற்றாமலே நின்றுவிடும். ஈரமான சுண்ணாம்புத் தரை சோப்புபோல் வழுக்கும்.

மழை பெய்த வாரத்தில் பழைய ரயில் தடங்களைத் தேர்ந்தெடுங்கள். பீக் டிஸ்ட்ரிக்டில் ஆஷ்போர்னிலிருந்து பார்ஸ்லி ஹே வரை 21 கிலோமீட்டர் போகும் டிஸிங்டன் டிரெயில் அருமையானது. ரயிலுக்காகப் போட்ட பாதை என்பதால் ஏற்றம் மென்மை, நீரும் தேங்காது. பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் வரைபடத்தில் சாலைமேல் ஒரு அம்பு முனை இருந்தால் ஏழுக்கு ஒன்று சரிவு. இரண்டு இருந்தால் ஐந்துக்கு ஒன்றைவிடச் செங்குத்து. ஈர இலை கிடக்கும் நாளில் இரட்டை அம்பு இறக்கத்தைத் தவிர்த்துச் சுற்றிப் போங்கள். பள்ளத்தாக்குகளில் போன் சிக்னல் கிடைக்காது. வரைபடத்தை முன்பே இறக்கி வைத்திருங்கள்.

குதிரையைப் பின்னாலிருந்து நெருங்கும்போது மணியடித்துத் திடுக்கிட வைக்காமல், தொலைவிலிருந்தே குரல் கொடுத்து, மெதுவாக, வலப்புறமாக இடம் விட்டுக் கடக்க வேண்டும். நியூ ஃபாரஸ்டில் இலையுதிர் காலத்தில் ஓக் கொட்டைகளைத் தின்னப் பன்றிகளைக் காட்டில் விடுவார்கள். பச்சைக் கொட்டை குதிரைக்கும் மாட்டுக்கும் நஞ்சு என்பதால்தான் இந்த ஏற்பாடு. பன்றிகளின் அருகே நிற்காதீர்கள். அந்திக் கருக்கலில் மான்கள் சாலையில் பாயும். ஒன்று கடந்ததும் அடுத்தது வரும் என்று நின்று பாருங்கள்.

கிளம்பும்போதே கதகதப்பாக இருப்பது

வாசலில் நிற்கும்போது சற்றுக் குளிர வேண்டும். பத்து நிமிட மிதிப்பில் சரியாகிவிடும். தடித்த ஜாக்கெட்டில் கிளம்பினால் ஏற்றத்தில் வியர்த்து, இறக்கத்தில் அந்த ஈரமே உறையவைக்கும். பருத்திச் சட்டை ஈரத்தை விடாது. உள்ளே மெரினோ கம்பளி, மேலே காற்றுத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட், பையில் மழை ஜாக்கெட். உலர்ந்த உள்சட்டையும் இன்னொரு ஜோடிக் கையுறையும் பிளாஸ்டிக் உறையில் இருக்கட்டும். விரல் மரத்தால் பிரேக் பிடிக்க முடியாது.

சாப்பாட்டையும் ரயிலையும் நம்பிப் போவது

கிராமத்துப் பப்களில் மதியச் சமையல் பெரும்பாலும் இரண்டு, இரண்டரைக்கு முடிந்துவிடும். அக்டோபர் பள்ளி விடுமுறைக்குப்பின் பல தேநீர்க் கடைகள் வார நாட்களில் திறப்பதே இல்லை. குளிரில் தாகம் தெரியாது. ஆனாலும் மணிக்கு அரை லிட்டர் தண்ணீராவது குடியுங்கள். ஞாயிற்றுக்கிழமை தண்டவாள வேலை நடந்தால் ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவார்கள். அதில் மடக்காத சைக்கிளைப் பொதுவாக ஏற்ற மாட்டார்கள். நெடுந்தூர ரயில்களில் சைக்கிளுக்கு முன்பதிவு கேட்பதும் உண்டு. முதல் நாள் இரவே பார்த்துவிடுங்கள்.

வீடு வந்ததும் வாளித் தண்ணீரும் தூரிகையும் போதும். பீய்ச்சும் இயந்திரம் பேரிங்குக்குள் நீரை ஏற்றிக் கிரீஸைக் கழுவிவிடும். செயினைத் துணியால் துடைத்து, ஈரக் காலத்துக்கான எண்ணெயை ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு துளி விட்டு, மேலே மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் விட்டால் அடுத்த சவாரியில் அந்த எண்ணெயிலேயே மண் ஒட்டும்.