வாய்ப் புற்றுநோய் பதாலஜி: கதிர்வீச்சுச் சிகிச்சை பயிலும் மருத்துவர் எங்கே தொடங்குவது?

பாடப்புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் தொடங்கினால் பதாலஜி (திசுவை ஆராய்ந்து நோயறியும் துறை) பாதியில் நின்றுவிடும். அறுவை முடிந்து உங்கள் ஓ.பி.க்கு வந்திருக்கும் கன்னப் புற்றுநோயாளி ஒருவரின் ரிப்போர்ட்டுடன் பதாலஜித் துறைக்குப் போங்கள். வாரம் ஒரு ரிப்போர்ட், அதன் ஸ்லைடுகள் (கண்ணாடித் தகட்டில் ஒட்டிய மெல்லிய திசுச் சீவல்கள்), ஒரு மணி நேரம். அது போதும்.

ஸ்லைடுக்கு முன்னால் திசுவை வெட்டும் மேசையைப் பாருங்கள். திசுவின் ஓரங்களில் மை தடவிய பிறகே துண்டு போடுவார்கள். அந்த மையிலிருந்து கட்டி வரை உள்ள தூரம்தான் மார்ஜின். 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் போதுமானது, குறைந்தால் நெருக்கம். வெட்டியெடுத்த திசு உடனே சுருங்கும், திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் இன்னும் கொஞ்சம். அதனால் அறுவை நிபுணர் 1 செ.மீ. விட்டு வெட்டியது ஸ்லைடில் 7 மி.மீ.யாகத் தெரிந்தால் யார் மீதும் பிழையில்லை. ‘4 மி.மீ.’ என்று மட்டும் எழுதியிருந்தால், சளிப்படல ஓரமா, ஆழப் பக்கமா என்று கேளுங்கள். கூடுதல் டோஸ் எந்த இடத்துக்கு என்பது அதில்தான் இருக்கிறது.

கண்ணாலேயே அளக்க ஒரு வழி உண்டு. மைக்ரோஸ்கோப்பின் ஐபீஸில் (கண் வைக்கும் லென்ஸ்) பொறித்த எண்ணை ஆப்ஜெக்டிவின் (ஸ்லைடை நோக்கிய லென்ஸ்) எண்ணால் வகுத்தால் பார்வை வட்டத்தின் விட்டம் கிடைக்கும். 22 என்றிருந்தால், 4 ஆப்ஜெக்டிவில் 5.5 மி.மீ., 10-இல் 2.2 மி.மீ.

அடுத்தது ஊடுருவல் ஆழம். பலரும் தடுமாறுவது இங்கேதான். கட்டியின் தடிமன் வேறு, ஆழம் வேறு. பக்கத்து நல்ல சளிப்படலத்தின் அடித்தளப் படலத்திலிருந்து தூக்குக்குண்டு விட்டது போல நேர்கீழே அளப்பதே ஆழம். வெளியே புடைத்த கட்டியில் தடிமன் ஆழத்தை மிஞ்சும். புண்ணாகிக் குழிந்த கட்டியில் குறையும். கட்டி 2 செ.மீ.க்குள் இருந்தாலும் ஆழம் 5 மி.மீ.யைத் தாண்டினால் டி2 (‘டி’ என்பது கட்டியின் நிலை).

நிணநீர்க்கணுக்களில் எண்ணிக்கையை விட உறையைப் பாருங்கள். புற்று உறையைக் கிழித்து வெளியேறியிருந்தால் என்3பி (‘என்’ என்பது கணுக்களின் நிலை). அதே பக்கத்தில், 3 செ.மீ.க்குள், ஒரே ஒரு கணு என்றால் மட்டும் என்2ஏ. உறை கிழிந்திருந்தாலோ, மார்ஜினில் கட்டி இருந்தாலோ கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தைச் சேர்க்க வேண்டும் என்ற முடிவு, 2004-இல் வெளியான இரு பெரிய ஆய்வுகளைச் சேர்த்து அலசியதில் வந்தது. கழுத்துத் திசு முழுவதையும் லெவல் (கழுத்தின் எந்தப் பகுதி என்ற எண்) குறிக்காமல் ஒரே பாட்டிலில் அனுப்பியிருந்தால், எந்த லெவலில் நோய் என்று பதாலஜிஸ்டாலும் சொல்ல முடியாது. அறுவை நிபுணரிடம்தான் பேச வேண்டும்.

நரம்பைச் சுற்றிய பரவலையும் தவறாமல் தேடுங்கள். செல்களின் மாற்றத்தைத் தரம் பிரிக்கும் கிரேடைப் பெரிதாக எண்ண வேண்டாம், அதனால் முடிவு மாறுவது அபூர்வம்.

ரிப்போர்ட்டின் கடைசி வரியை மறைத்துக்கொண்டு டி, என், டோஸ் (60 கிரேயா, 66 கிரேயா; கிரே என்பது கதிர்வீச்சு அளவின் அலகு) மூன்றையும் நீங்களே எழுதி, பிறகு ஒப்பிடுங்கள். சந்தேகத்தைப் போனில் தீர்த்துக்கொண்டு டோஸை மாற்றாதீர்கள், திருத்திய ரிப்போர்ட்டாகவே வாங்குங்கள். அறுவையிலிருந்து 6 வாரத்துக்குள் கதிர்வீச்சு தொடங்க வேண்டும், ஆகவே ரிப்போர்ட் கைக்கு வந்த அன்றே கேட்டுவிடுங்கள்.