டர்பைனில் அடிபட்ட மீனைச் சோதிப்பது எப்படி

வட அமெரிக்காவின் கொலம்பியா ஆற்று அணைகளில், மின்சாரம் எடுக்க நீரால் சுழலும் விசிறி போன்ற கப்லான் டர்பைன் வழியே கடலுக்கு இறங்கும் சினூக் சால்மன் குஞ்சுகளுக்கான முறை இது.

மீன் உடம்பில் தெரியும் காயமெல்லாம் டர்பைன் போட்டதல்ல. வலையும் தொட்டியும் நம் கையும்கூடச் செதிலை உரிக்கும். அதனால் ஒரே தொட்டி மீன்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கை டர்பைனின் நீர்வாயிலிலும், மறுபங்கை, ஒப்பீட்டுக் குழுவாக, அணைக்குக் கீழே நீர் வெளியேறும் இடத்திலும் விடுங்கள். மீனை விடும் குழாய், மீனில் கட்டும் பலூன், ஆட்கள் எல்லாம் இரண்டுக்கும் ஒன்றே. மாறி மாறி விடுங்கள். காலையில் ஒன்று, மாலையில் மற்றொன்று என்றால் நீரின் சூடு கணக்கைக் கெடுத்துவிடும்.

முதுகுத் துடுப்பருகே கட்டிய சுருங்கிய பலூனில் விடுவதற்குச் சற்று முன் ஊசியால் நீர் ஏற்றினால், உள்ளிருக்கும் வேதிப்பொருள் நீரோடு சேர்ந்து, சில நிமிடத்தில் வாயு பெருகி மீனை மேலே கொண்டுவரும். படகில் காத்திருந்து அள்ளுங்கள்.

காயம் பார்க்க மீனை மயக்கும் எம்.எஸ்.222 மருந்து தண்ணீரை அமிலமாக்கும், கண்ணையும் தோலையும் அரிக்கும். சம எடை சமையல் சோடா சேருங்கள். கையை நனைத்துக்கொண்டு மீனைத் தொடுங்கள். ஒரு பக்கத்தில் 20 சதவீதமோ அதற்கு மேலோ செதில் போயிருந்தால் 'செதில் உரிந்தது' என்று குறியுங்கள். வெட்டு, முறிந்த முதுகெலும்பு, ஒரே இடத்தில் கன்றிய வரி: பிளேடு அடி. பின்னோக்கி மடங்கிய செவுள் மூடி, கிழிந்த செவுள்: நீரோட்ட உரசல். துடுப்பில் குமிழி, வெடித்த காற்றுப்பை (மீன் மிதக்க உதவும் உள்ளுறுப்பு): அழுத்தச் சரிவு. பிதுங்கிய கண் உரசலாலும் அழுத்தத்தாலும் வரும். அதை மட்டும் வைத்து முடிவுகட்டாதீர்கள். செத்த மீனை உடனே அறுத்துப் பாருங்கள். அழுக ஆரம்பித்தால் அந்த வாயுவும் குமிழியாகத் தெரியும்.

பலர் சறுக்கும் இடம் அழுத்தம்தான். 10 மீட்டர் ஆழத்துக்குப் பழகிய மீனின் மேல் ஏறத்தாழ 2 வளிமண்டல அழுத்தம் இருக்கும். பிளேடருகே அது 0.5க்கு விழுந்தால் காற்றுப்பையின் வாயு நான்கு மடங்காக விரியும். மேலோட்டமான தொட்டியில் வைத்திருந்த மீனுக்கோ இரண்டு மடங்குதான். அந்த மீனை விட்டுச் சோதித்தால் சேதம் குறைவாகவே தெரியும். ஆழத்து அழுத்தத்தை உண்டாக்கும் மூடிய கலத்தில் முன்கூட்டியே பழக்குங்கள்; சால்மன் காற்றை விழுங்கித்தான் பையை நிரப்பும் என்பதால் கலத்தில் காற்றும் இருக்க வேண்டும்.

பிழைத்தவற்றை 48 மணி நேரம் வைத்துப் பாருங்கள். டர்பைன் வழி வந்த 100இல் 90, ஒப்பீட்டுக் குழுவில் 100இல் 96 பிழைத்தால், 0.90ஐ 0.96ஆல் வகுத்துச் டர்பைனில் பிழைப்பு சுமார் 94 சதவீதம் என்று எழுதுங்கள். கைக்குக் கிடைக்காத மீனைத் தனிப் பத்தியில் போடுங்கள். உயிரோடு போனதாக எண்ணிவிடக் கூடாது.