வேத தியானத்தில் நாம் சறுக்கும் இடங்கள்

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது பல சபைகளில் கையில் ஒரு வாக்குத்தத்த அட்டை, அதாவது புது வருடத்துக்கென்று ஒரு வசனம் அச்சிட்ட அட்டை, கிடைக்கும். எரேமியா 29:11 அதில் அடிக்கடி வருகிற வசனம். கர்த்தர் நம்மேல் நினைத்திருக்கிற நினைவுகள் "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்று வாசித்ததும் மனசுக்குத் தெம்பாக இருக்கும். அந்த வசனத்தை நேசிப்பதில் ஒரு தவறும் இல்லை. அட்டையில் உள்ள அளவோடு அதை நிறுத்திக்கொள்வதுதான் தியானத்தில் நாம் அதிகம் செய்கிற தவறு.

அந்த 29-ம் அதிகாரம் ஒரு கடிதம். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதி அனுப்பியது. முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருடத்தில் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று சொல்லியிருந்தான். எரேமியாவின் கடிதம் நேர்மாறாகப் பேசுகிறது. வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கிற அந்தப் பட்டணத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்கிறது. 10-ம் வசனம் 70 வருடம் என்று காலத்தையும் சொல்லிவிடுகிறது. அப்படியென்றால், கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பலர் எருசலேமை மறுபடி கண்ணால் பார்க்கப்போவதில்லை. அவர்களுக்குத்தான் 11-ம் வசனம் எழுதப்பட்டது. இதை உணர்ந்து வாசிக்கிறவர், விசாவும் வேலையும் இந்த வருடமே வந்துவிடும் என்ற உறுதியை அதில் தேடமாட்டார். வராத வருடத்திலும் தேவன் தன்னை மறக்கவில்லை என்று அவரால் நிற்க முடியும். அந்த ஆறுதல் அட்டை தருவதைவிடப் பெரியது என்பது என் எண்ணம்.

பரீட்சைக்கு முன்னால் நாம் சொல்கிற பிலிப்பியர் 4:13-ம், கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு என்கிற வசனமும், இப்படித்தான். பவுல் அதைக் கட்டுண்ட நிலையில் எழுதினார்; பட்டினியாயிருக்கவும் குறைவுபடவும் கற்றுக்கொண்டதாக முந்தின வசனத்திலேயே சொல்கிறார்.

வசனத்தைத் தனியே பிடுங்குவதில் ஆபத்தும் உண்டு. மத்தேயு 4-ல் இயேசுவைச் சோதிக்கும்போது, தேவாலயத்து உப்பரிகையின்மேல் சாத்தானே 91-ம் சங்கீதத்தை எடுத்துச் சொல்கிறான். இயேசு அங்கே சொல்லும் மூன்று பதில்களும் உபாகமம் 6-ம், 8-ம் அதிகாரங்களிலிருந்து வருகின்றன. இஸ்ரவேலின் 40 வருட வனாந்தரத்தை நினைவுபடுத்தும் பகுதி அது. அவர் 40 நாள் வனாந்தரத்தில் பசியோடு நிற்கிறார். தான் நிற்கிற இடத்துக்குப் பொருந்தும் பகுதி அவருக்குள் ஏற்கனவே ஊறியிருந்தது.

அப்படி ஊறுவதற்கு நேரம் வேண்டும். வேதாகமத்தில் 1189 அதிகாரங்கள். ஒரு வருடத்தில் முடிக்க தினம் மூன்று, நான்கு அதிகாரம் வாசித்தாகவேண்டும். வாசியுங்கள், நல்லதுதான். ஆனால் அட்டவணையில் டிக் அடித்ததைத் தியானம் என்று எண்ணிவிடக்கூடாது. தியானத்துக்குச் சின்னப் பகுதி போதும். சங்கீதம் 119-ன் 176 வசனங்களும் எட்டெட்டாக 22 பகுதிகளாகவே இருக்கின்றன. ஒரு வாரத்துக்கு ஒரு பகுதி எடுத்து, காலையில் சத்தமாக வாசித்து, பஸ்ஸிலும் சமையல் நேரத்திலும் அதையே நினைத்துக்கொண்டிருங்கள். அவசரமே வேண்டாம்.

அடுத்த தவறு கொஞ்சம் வலிக்கும். ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள், பிரசங்கிகள், வாட்ஸ்அப்பில் தினம் வசனம் போடுகிறவர்கள் இதில் எளிதாக விழுகிறோம். வசனத்தைத் திறந்ததுமே, இதை யாருக்குச் சொல்லலாம் என்று மனம் ஓடுகிறது. "இது அவருக்குச் சரியாகப் பொருந்தும்" என்று ஒரு முகம்கூட வந்து நிற்கும். உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீது ராஜாவிடம் நாத்தான் தீர்க்கதரிசி, ஒரு ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியை ஒரு ஐசுவரியவான் பிடுங்கிக்கொண்ட கதையைச் சொன்னபோது, தாவீதும் அப்படித்தான் கேட்டான். அந்த ஐசுவரியவான்மேல் அவனுக்கு அவ்வளவு கோபம். "நீயே அந்த மனுஷன்" என்று நாத்தான் சொல்லும்வரை அது தன் கதை என்று அவனுக்குத் தெரியவில்லை. பிரசங்கக் குறிப்பு எடுக்கும் நேரம் வேறு, தனியே தேவனுக்கு முன்பாக உட்காரும் நேரம் வேறு. இரண்டையும் கலக்காதீர்கள்.

சிலர், மனதில் ஒன்றும் தோன்றவில்லை, கண்ணீர் வரவில்லை என்று தியானத்தை விட்டுவிடுகிறார்கள். அவர்கள் சங்கீதம் 88-ஐ வாசித்துப் பார்க்கட்டும். கடைசி வசனம்வரை ஆறுதல் வராமலே அது முடிகிறது. அதுவும் ஜெபம்தான், வேதத்தில் அதற்கும் இடம் இருக்கிறது.

அப்புறம், முதிர்ச்சி என்றால் என்ன என்பதிலும் குழப்பம் இருக்கிறது. நிறைய வசனம் மனப்பாடமாகத் தெரிந்தவரை முதிர்ந்தவர் என்று நினைத்துவிடுகிறோம். எபிரெயர் 5:14-ன்படி, நன்மை தீமையைப் பகுத்தறியப் பழகியவர்களே பலமான ஆகாரத்துக்கு ஏற்றவர்கள். பழக்கம் என்பது செய்து செய்து வருவது. வசனத்தைக் கேட்டும் அதன்படி செய்யாதவரை, கண்ணாடியில் முகம் பார்த்துவிட்டு உடனே மறந்துபோகிறவர் என்கிறார் யாக்கோபு. அவரே 5:4-ல், வேலையாட்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று எழுதுகிறார். ஒரு காலையில் அந்த வசனத்தில் உட்கார்ந்திருக்கும்போது, வீட்டு வேலைக்கு வருகிற அக்காவுக்குப் போன மாதச் சம்பளத்தில் பாக்கி இருப்பது நினைவுக்கு வந்தால், எழுந்து போய் அதைக் கொடுப்பதும் தியானத்தில் சேர்ந்ததுதான். கொடுத்துவிட்டு வந்து 5-ம் வசனத்துக்குப் போகலாம்.