பாரிமுனைக் கடைத்தெருவில் புதியவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் சென்னைப் பாரிமுனையில், ஆண்டர்சன் தெருவில் ஒரு பேப்பர் கடை வாசலில் நின்றிருந்தேன். கல்லூரி முடித்த வயதில் ஒரு பெண்ணும் பையனும் வந்தார்கள். பையன் போனை நீட்டி, "இந்த மாதிரி பேப்பர் இருக்கா? ரேட் என்ன?" என்றான். கடைக்காரர் போனைப் பார்த்துவிட்டு ஒரு ரேட் சொன்னார். "லாஸ்ட் எவ்வளவுண்ணே?" ரீமுக்கு, அதாவது 500 தாள் கட்டுக்கு, இருபது ரூபாய் குறைந்தது. வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மொத்தம் மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. எதற்கு வாங்குகிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. பதினான்கு வருடத்துக்கு முன்னால் நானும் அதே தெருவில் அப்படித்தான் நின்றேன். என்னை யாரும் தடுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கையால் தைத்த நோட்டுப் புத்தகம் செய்து விற்பது என் தொழில். பேப்பர், அட்டை, அட்டை மேல் ஒட்டுகிற காலிகோ துணி, நூல், பசை எல்லாவற்றுக்கும் மாதம் இரண்டு தடவையாவது பாரிமுனைக்குப் போகிறேன். பர்ஸைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் பாட்டில் எடுத்துப் போங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போவது

பெரும்பாலான கடைகளில் ஷட்டர் இறங்கியிருக்கும்.

காரில் போவது

வேண்டாம். 2019 முதல் மெட்ரோ ஓடுகிறது. உயர் நீதிமன்றம் அல்லது மண்ணடி ஸ்டேஷனில் இறங்கி நடங்கள்.

ஒரே தெருவில் எல்லாம் கிடைக்கும் என்று நினைப்பது

பாரிமுனையில் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு சரக்கு உண்டு. ஆண்டர்சன் தெரு என்றால் பேப்பரும் கல்யாணப் பத்திரிகையும். கோடவுன் தெரு என்றால் மொத்தத் துணி. நைனியப்ப நாயக்கன் தெருவில் கெமிக்கலும் வாசனைச் சரக்கும். நகரத்துக்குள் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் தோலுக்குப் பெரியமேடு, வண்டி உதிரி பாகத்துக்குப் புதுப்பேட்டை, எலக்ட்ரானிக்ஸுக்கு ரிச்சி தெரு. வாங்க வேண்டியதைப் பொருள்வாரியாக எழுதினால் நாள் முழுக்க அலைவீர்கள். தெருவாரியாக எழுதுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு தெரு போதும். ஒரே தெருவில் அடுத்தடுத்து நான்கு கடை ஏறி இறங்கினால்தான் எது நல்ல சரக்கு, எது நின்றுபோன சரக்கு என்று கண்ணுக்குப் பிடிபடும்.

பொருளைச் சொல்லிவிட்டு, வேலையைச் சொல்லாமல் விடுவது

இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆறாத தவறு இது. ஒவ்வொரு தடவை போகும்போதும் யாராவது இதைச் செய்வதைப் பார்த்தால் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

ஒரு கல்யாண வீட்டில் தாம்பூலப் பையில் வைத்துக் கொடுக்க 150 நோட்டு கேட்டிருந்தார்கள். நோட்டுக்கு நாற்பது தாள் என்று கணக்குப் போட்டு, டெம்மி என்கிற பெரிய தாள் சைஸில் இரண்டு ரீம் மேப்லித்தோ (எழுதவும் அச்சடிக்கவும் ஆகிற சாதாரண வெள்ளைத் தாள்) வாங்கினேன். கடையில் நான் கேட்டது மூன்றே கேள்வி. எத்தனை ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்)? என்ன சைஸ்? என்ன ரேட்? பக்கத்துச் சந்தில் கட்டிங் மெஷினில் கொடுத்து, "நாலா வெட்டிக் கொடுங்கண்ணே" என்றேன். வெட்டியதை வீட்டுக்குக் கொண்டுவந்து மடித்து, தைத்து, அட்டை ஒட்டினேன். பதினோரு நாள் வேலை.

அது ஐப்பசி மாதம். கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. கொடுப்பதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று பெட்டியைத் திறந்தேன். ஒரு நோட்டுகூட மூடி இருக்கவில்லை. எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. முதுகுப் பக்கம், அதாவது தைத்த ஓரத்தில், தாள்கள் அலை அலையாக நெளிந்திருந்தன. மேலே அம்மிக்கல்லைத் தூக்கி வைத்துப் பார்த்தேன். எடுத்த ஐந்தாவது நிமிடம் மறுபடியும் வாயைத் திறந்தது.

ஒரு நோட்டையும் மிச்சத் தாளையும் எடுத்துக்கொண்டு கட்டிங் கடைக்கே போனேன். மெஷின் ஓட்டுகிற அண்ணன் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஒரு தாளை எடுத்து நீளவாக்கில் கிழித்தார். கோடு போட்ட மாதிரி நேராகக் கிழிந்தது. குறுக்கே கிழித்தார். பல் பல்லாகக் கோணிக்கொண்டு போனது. அப்புறம் ஒரு சின்னத் துண்டின் ஒரு பக்கத்தை மட்டும் ஈர விரலால் தடவி மேஜையில் போட்டார். அது மெல்லச் சுருண்டு குழாய் மாதிரி ஆனது. "இந்தக் குழாய் எந்தப் பக்கம் நீட்டிட்டு இருக்கோ, அந்தப் பக்கம்தான் கிரெயின் ஓடுது. நோட்டுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தாளைத் திருப்பிப் போட்டு வெட்டியிருப்பேனே தம்பி. நான் லெட்டர் பேடுக்குன்னு நெனச்சேன்" என்றார்.

பேப்பர் மெஷினில் கூழ் ஓடும்போது அதிலுள்ள நார்களில் பெரும்பாலானவை ஓடும் திசையிலேயே படிந்துவிடுகின்றன. அதைத்தான் கிரெயின் என்கிறார்கள். ஈரக் காற்று பட்டால் நார் நீளத்தில் அவ்வளவாக வளராது. குறுக்கே பருக்கும். அதனால் தாளும் கிரெயினுக்குக் குறுக்காகத்தான் விரியும். நோட்டில் கிரெயின் முதுகுக்கு இணையாக மேலிருந்து கீழே ஓடினால், விரிகிற தாள் திறந்த ஓரத்தின் பக்கம் தாராளமாக நகர்ந்துகொள்ளும். மாறி இருந்தால் முதுகின் நீளத்திலேயே விரியப் பார்க்கும். அங்கேயோ நூலும் பசையும் இறுக்கிப் பிடித்திருக்கும். நெளிவதைத் தவிர அதற்கு வேறு வழி இல்லை. சென்னையில் மழைக்காலத்துக் காற்றுக்கு இது நிச்சயம் நடக்கும்.

தாளைத் திருப்பிப் போட்டு வெட்டியிருந்தால் நோட்டு கொஞ்சம் சின்னதாக வந்திருக்கும், அவ்வளவுதான். கல்யாண வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாததால் தாள், அட்டை, துணி, பதினோரு நாள் கூலி எல்லாம் போனது. கல்யாண வீட்டார் கடைசி நேரத்தில் வேறு ஏதோ வாங்கிப் பையில் போட்டார்கள். பெண்ணின் அம்மா என்னைத் திட்டக்கூட இல்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

பிரிண்டருக்கு வாங்குகிற ஏ4 பாக்கெட்டை நடுவில் மடித்து நோட்டு தைக்கிறவர்களும் இதைக் கவனியுங்கள். அதில் கிரெயின் பொதுவாக நீளவாக்கில்தான் ஓடும். மடிக்கும்போது மடிப்புக்குக் குறுக்காக வந்துவிடும்.

இது பேப்பர் கடைக்கு மட்டும் உள்ள விஷயம் இல்லை. ரிச்சி தெருவில் "12 வோல்ட் அடாப்டர் ஒண்ணு கொடுங்க" என்று கேட்டால் 12 வோல்ட் அடாப்டர் கொடுப்பார்கள். எத்தனை ஆம்பியர், பின் எந்த அளவு, நடுவில் ப்ளஸ்ஸா மைனஸா என்பதெல்லாம் நீங்கள் மாட்டப்போகும் கருவியைப் பொறுத்தது. "வீட்டு ரவுட்டருக்கு, பழசு இதோ இருக்கு" என்று கையில் இருப்பதை மேஜையில் வைத்தால் வேலை முடிந்தது. நைனியப்ப நாயக்கன் தெருவில் வாசனை எண்ணெய் கேட்கிறீர்கள் என்றால் சோப்புக்கா, மெழுகுவர்த்திக்கா, ஊதுவத்திக்கா என்று சொல்லுங்கள். தோலில் படுகிற சரக்கும் எரிக்கிற சரக்கும் ஒன்றல்ல.

அந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் முப்பது வருடம் ஒரே பொருளைக் கையாண்டவர். போட்டோவைக் காட்டினால் போட்டோவுக்குத்தான் பதில் சொல்வார். வேலையைச் சொன்னால் முப்பது வருடத்தையும் எடுத்துக் கொடுப்பார். "அண்ணே, இங்க் பேனாவுல எழுதுற நோட்டு தைக்கப் போறேன், மை ஊறாம இருக்கணும், எது சரியா வரும்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று தாளை உருவி உங்கள் கையில் கொடுத்து, பேனாவை நீட்டி, "எழுதிப் பாருங்க" என்பார். பளபளப்பான ஆர்ட் பேப்பரில் மை காயாமல் கையில் அப்பும் என்பதை அந்த நிமிடத்திலேயே தெரிந்துகொள்வீர்கள். ரேட் பேச்சு அதற்கு அப்புறம் வரட்டும். ரேட்டில் ஆரம்பித்தால் கடைக்காரரும் ரேட்டிலேயே நின்றுவிடுகிறார்.

கணக்கு வார்த்தைகளைத் தெரியாமல் போவது

குயர் என்றால் 24 தாள். ரீம் என்றால் 500 தாள். குரோஸ் என்றால் 144. ஊசி, பட்டன் மாதிரிச் சில்லறைச் சாமான்களை குரோஸ் கணக்கில் சொல்வார்கள். சொன்ன ரேட் ஒன்றுக்கா, டஜனுக்கா, குரோஸுக்கா என்று கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.

லோடு ஏறும் நேரத்தில் கேள்வி கேட்பது

வெளியூர்ச் சரக்கு கட்டி ஏற்றுகிற நேரத்தில் எந்தக் கடைக்காரருக்கும் உங்களிடம் பேச நேரம் இருக்காது. அவர் சிடுசிடுப்பார், நீங்கள் வருத்தத்தோடு திரும்புவீர்கள். கடை திறந்து சாம்பிராணி போட்டு முடித்த முதல் ஒரு மணி நேரம் எனக்கு எப்போதும் நன்றாக அமைந்திருக்கிறது.

மாடி ஏறாமல் திரும்புவது

ஒரு ஆள் மட்டுமே போகிற படிக்கட்டு, பாதி வெளிச்சம், மேலே சின்ன போர்டு. ஏறுங்கள். காலிகோ துணியில் நான் தேடிய பாசிப்பச்சை நிறம் அப்படி ஒரு இரண்டாவது மாடியில்தான் கிடைத்தது.

பழைய தகவலை நம்பிப் போவது

மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்துபோனது. இன்னும் சிலர் பழைய புத்தகத்துக்கு அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்கிறார்கள். அங்கிருந்த கடைகளுக்கு அல்லிக்குளத்தில் இடம் கொடுத்தார்கள். கொத்தவால்சாவடியின் காய்கறி மொத்த வியாபாரம் 1996-ல் கோயம்பேடுக்குப் போய்விட்டது. தாத்தா சொன்ன கடையைத் தேடிப் போவதில் தப்பில்லை. தெருமுனை டீக்கடையில் ஒருமுறை விசாரித்துவிட்டுப் போங்கள்.

வெட்டிய சரக்கைத் திருப்பிக் கொடுக்கப் பார்ப்பது

வாங்க மாட்டார்கள். வாங்கவும் முடியாது.

கடையில் கற்றுக்கொண்டு ஆன்லைனில் வாங்குவது

அரை மணி நேரம் தாளைத் தொட்டுப் பார்த்து, எழுதிப் பார்த்து, எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு, பாக்கெட் லேபிளைப் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். அந்த அரை மணி நேரத்துக்கு அவர் தனியாகக் காசு வாங்குவதில்லை. ரீமில் கிடைக்கிற சின்ன லாபத்தில்தான் அதுவும் அடக்கம். ஒரு குயராவது வாங்குங்கள்.

செய்து முடித்ததைக் கொண்டுபோய்க் காட்டாமல் இருப்பது

இதை நான் ரொம்ப நாள் கழித்துத்தான் செய்தேன். ஒரு கட்டு நோட்டு நன்றாக வந்திருந்தது. ஒன்றை எடுத்துப் போய், எனக்குத் தாள் கொடுக்கிற கடைக்காரரிடம் நீட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். பக்கங்களைப் பார்க்கவே இல்லை. முதுகைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே போனார். "நூல் தடிமனாப் போட்டிருக்கீங்க, அதான் முதுகு வீங்கி நிக்குது. நாலாவது கடையில மெல்லிசு நூல் இருக்கும், நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்றார். அடுத்த கட்டுக்கு அந்த நூலைத்தான் போட்டேன். முதுகு படிந்தது. அவரிடம் கொடுத்த நோட்டு இப்போதும் அவர் கால்குலேட்டருக்குப் பக்கத்தில் கிடக்கிறது. பாக்கி தர வேண்டியவர்கள் கணக்கை அதில்தான் எழுதுகிறார்.