வகுப்பில் ஸ்பானிஷ் புத்தக அலமாரி: நான் சொதப்பிய இடங்களும் சேர்த்து

ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்க வந்த இரண்டாம் வருடம் வகுப்பு மூலையில் ஒரு அலமாரி போட்டேன். மூன்று மாதம் ஒரு பிள்ளையும் அந்தப் பக்கம் போகவில்லை. எல்லாவற்றையும் இறக்கிவிட்டு மறுபடி அடுக்கிய பிறகுதான் புத்தகங்கள் நகர ஆரம்பித்தன.

1. வாங்குவது

மொத்தமாகப் பழைய புத்தகப் பெட்டி வாங்காதீர்கள். எனக்கு வந்த பெட்டியில் பாதி போர்த்துகீசு. அட்டையைப் பார்த்தால் தெரியாது, உள்ளே ஒரு பக்கத்தைப் புரட்டினால் தெரிந்துவிடும். கேள்விக்கு முன்னாலும் ஒரு தலைகீழ்க் கேள்விக்குறி இருந்தால் அது ஸ்பானிஷ்தான். 'மற்றும்' என்பதற்கு ஸ்பானிஷில் ஒய் (y) என்ற எழுத்து, போர்த்துகீசில் ஈ (e).

தொடக்கத்துக்கு இருபது முப்பது போதும். படக்கதை, காமிக்ஸ், கற்போருக்கென்றே சொற்களைக் குறைத்து எழுதிய குட்டி நாவல்கள், இவற்றுக்கு முதலிடம். இருமொழிப் புத்தகங்கள் எனக்குப் பிடிக்காது, பிள்ளைகளின் கண் தெரிந்த மொழிப் பக்கத்துக்குத்தான் ஓடும். காசு இல்லையென்றால் ஸ்டோரிவீவர் தளத்தில் ஸ்பானிஷ் கதைகள் இலவசம், அச்சிட்டு ஸ்டேப்ளர் அடித்தால் ஆயிற்று.

2. எந்த நாட்டுப் பதிப்பு?

ஐஎஸ்பிஎன், அதாவது புத்தகத்தின் அடையாள எண்ணைப் பாருங்கள். 978-க்கு அடுத்து 84 என்றால் ஸ்பெயின், 607 மெக்சிகோ, 987 அர்ஜென்டினா, 958 கொலம்பியா. எதற்கு இந்த ஆராய்ச்சி என்றால், மெக்சிகோ கதை ஒன்றில் பிள்ளைகள் 'காமியோன்' ஏறிப் பள்ளிக்குப் போகிறார்கள். அகராதியைப் பார்த்த என் மாணவி, "லாரியிலயா மிஸ் ஸ்கூலுக்குப் போவாங்க?" என்றாள். அங்கே பஸ்ஸுக்கும் அதுதான் பெயர். 'குவாகுவா' கியூபாவில் பஸ், சிலியில் கைக்குழந்தை! நாட்டின் பெயரைப் பின்னட்டையில் பென்சிலால் எழுதிவிடுங்கள், பாதிக் குழப்பம் தீரும்.

3. அடுக்குவது

என்னைக் கவிழ்த்தது இதுதான். ஆசிரியர் பெயரின் கடைசிச் சொல்லைப் பார்த்து அடுக்கினேன், கேப்ரியல் கார்சியா மார்க்கேஸ் 'எம்'மில் போய் உட்கார்ந்தார். ஸ்பானிஷ் பெயர்களில் பெரும்பாலும் இரண்டு குடும்பப் பெயர் வரும், முதலில் அப்பாவுடையது, அப்புறம் அம்மாவுடையது, அடுக்கும்போது முதலாவதுதான் கணக்கு. ஆக கார்சியா (García) மார்க்கேஸ் 'ஜி', வர்கஸ் (Vargas) யோசா 'வி'. ஆனால் மூன்று சொல் இருந்தாலே இரண்டாவதைப் பிடித்துக்கொள்ளலாம் என்றும் நினைக்காதீர்கள், ஹோசே எமிலியோ பச்சேகோவில் எமிலியோ அவர் பெயரின் பகுதி, குடும்பப் பெயர் பச்சேகோ. சந்தேகம் வந்தால் ஏதாவது ஒரு பெரிய நூலகத்தின் இணையப் பட்டியலில் தேடுங்கள், காற்புள்ளிக்கு முன்னால் என்ன இருக்கிறதோ அதுதான் குடும்பப் பெயர். ஒரே ஆசிரியரை நான் இரண்டு இடத்தில் வைத்திருந்தேன், முதல் புத்தகத்தை முடித்த பையன் அடுத்தது இல்லை என்று நினைத்துப் படிப்பதையே விட்டுவிட்டான்.

தலைப்பை வைத்து அடுக்கினால் முன்னால் வரும் எல், லா, லோஸ், லாஸ் எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் பாதி அலமாரி 'ஈ' (E), 'எல்' (L) எழுத்துகளிலேயே நிற்கும்.

இன்னொன்று, ஸ்பெயினில் அச்சான பல புத்தகங்களில் முதுகுப்பக்கத்து எழுத்து கீழிருந்து மேலாக ஓடும். ஆங்கிலப் புத்தகத்துக்கு வலப்பக்கம் தலை சாய்ப்போம், இதற்கு இடப்பக்கம். ஒரு உதவிக்கார மாணவன் அவற்றையெல்லாம் 'சரிசெய்து' தலைகீழாக நிறுத்தி வைத்தான். முடிந்தவரை முன்னட்டை தெரியும்படி வையுங்கள். என் அலமாரி நகர ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.

4. இரவல்

செயலி எல்லாம் வேண்டாம். ஒரு நோட்டு, அதோடு நூலால் கட்டிய பேனா. பெயர், புத்தகம், தேதி, அவ்வளவுதான்.

பின்சேர்க்கை: பழைய ஸ்பானிஷ் அகராதியில் 'சீகோ' (chico) என்ற சொல்லே இல்லை, பக்கம் கிழிந்திருக்குமோ என்று ஒருவர் கேட்டிருந்தார். கிழியவில்லை. 1994 வரை சி-ஹெச் (ch) கூட்டையும் இரட்டை 'எல்'லையும் (ll) தனி எழுத்துகளாகவே அகராதியில் வரிசைப்படுத்தினார்கள். 'சி' (c) முழுக்க முடிந்த பிறகு பாருங்கள், அங்கே இருக்கும்.