எழுத்தாளர்களின் உடைமைகளைச் சேகரிப்பது எப்படி?

எழுத்தாளர்களும் தலைவர்களும் பயன்படுத்திய பேனா, மூக்குக்கண்ணாடி, கடிதம் போன்றவற்றைச் சேகரிக்க விரும்புவோர், பொருளோடு அதன் சான்றையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

படி 1: ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவருடைய வாழ்க்கை வரலாற்றையும் கடிதத் தொகுப்புகளையும் முதலில் படியுங்கள். அவர் எந்த ஆண்டில் எங்கே வாழ்ந்தார், எப்படிக் கையொப்பமிட்டார் என்பது தெரியாமல் எந்தச் சான்றையும் சோதிக்க இயலாது.

படி 2: இதுவே முதன்மையானது. பொருள் உரியவரிடமிருந்து இன்றைய விற்பனையாளர் வரை யார் யார் கைக்கு மாறியது என்பதை எழுத்துச் சான்றுடன் கேளுங்கள். அமெரிக்க நாவலாசிரியர் கோர்மக் மெக்கார்த்தி பல்லாண்டுகள் எழுதிய ஒலிவெட்டி தட்டச்சுப்பொறி, 2009 டிசம்பரில் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 2,54,500 டாலருக்கு விற்றது. அதே மாதிரிப் பொறி ஒன்றை நண்பர் அவருக்கு 11 டாலருக்கு வாங்கித் தந்தார். இவ்வளவு பெரிய வேறுபாடு, அந்தப் பொறியின் வரலாற்றுக்கும் அதை உறுதிசெய்து மெக்கார்த்தியே கையொப்பமிட்டுத் தந்த கடிதத்துக்கும் கிடைத்த விலை.

அத்தகைய கடிதம் இல்லையென்றால், அப்பொருளோடு அவர் இருக்கும் பழைய புகைப்படம், குடும்பத்தாரின் கடிதம், முந்தைய ஏலப் பட்டியலின் பதிவு ஆகியவற்றைத் தேடுங்கள். அமெரிக்க எழுத்தாளர் ஜோன் டிடியனின் வீட்டுப் பொருள்கள் 2022 நவம்பரில் ஏலம் விடப்பட்டதைப் போல, வீட்டிலிருந்து நேராக ஏலத்துக்கு வருபவை நம்பகமானவை. ஆனால் விலை ஏறிவிடும். விற்பவர் தாமே அச்சிட்டுத் தரும் சான்றிதழை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

படி 3: தலைவர்களின் கையொப்பங்களில் கூடுதல் கவனம் தேவை. அமெரிக்க அதிபர் கென்னடி உட்படப் பலருக்கும் கையொப்பமிடும் பொறிகள் இருந்தன. இரண்டு கையொப்பங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது இம்மியும் பிசகாமல் பொருந்தினால் ஐயப்படுங்கள். மனிதக் கை இருமுறை ஒரே மாதிரி எழுதுவதில்லை.

படி 4: ஏலத் தொகைக்கு மேல் ஏல நிறுவனத்தின் கட்டணமும் வரியும் சேரும் என்பதால், உச்ச விலையை முன்பே முடிவுசெய்யுங்கள். இந்தியாவில் 75 ஆண்டுகள் பழமையான, இலக்கிய அல்லது வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் பிரதிகள் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள்கள். தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

படி 5: கடிதங்களை லேமினேஷன் செய்யாமல், அமிலமற்ற உறையில், வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள். பேனாவைத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம்; உறைந்த மையும் தேய்மானமும் அவர் பயன்படுத்தியதன் தடயங்கள். ரசீது, ஏலப் பட்டியல், விற்பனையாளரின் கடிதங்கள் அனைத்தையும் ஒரே கோப்பில் பொருளுடன் சேர்த்து வையுங்கள்.