முதல் மலைச் சைக்கிள் பந்தயத்துக்குப் போகிறீர்களா?

முதலில் டயரைப் பாருங்கள். நம் திருநெல்வேலிப் பக்கம் உடைமுள் இல்லாத தடமே கிடையாது, சாதா டியூபோடு போனால் பாதி வழியில் உருட்டிக்கொண்டு வரவேண்டியதுதான். டியூப் இல்லாத டியூப்லெஸ் டயர் போட்டு, ஓட்டையை அடைக்கும் சீலன்ட் திரவத்தை உள்ளே ஊற்றிவிட்டால் முள் குத்திய இடத்தில் வெள்ளையாக நுரைத்து, சக்கரம் நாலு சுற்று சுற்றுவதற்குள் பெரும்பாலும் அடைத்துக்கொள்ளும். 65 கிலோ ஆளுக்குக் காற்று 22 முதல் 25 பிஎஸ்ஐ போதும்.

மணலுக்குப் பழக, திசையன்விளைப் பக்கத்துத் தேரிக்கு, அதாவது செம்மணல் மேட்டுக்குப் போங்கள். லேசாக மிதிக்க வரும் சின்ன கியர், உடம்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, மிதிப்பதை நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் அந்தச் செம்மண் முன்சக்கரத்தை அப்படியே விழுங்கிவிடும்.

அப்புறம், புறப்படும்போது தம் கட்டி மிதித்து முன்னால் போய்விடுங்கள், ஏனென்றால் ஒற்றையடிப் பாதைக்குள் நுழைந்த பிறகு முந்த இடமிருக்காது. பின்னால் வருபவர் குரல் கொடுத்தால், தாராளமாக வழி விடுங்கள்.